நாலிலிருந்து பதினைந்து வரை

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோட்டுக்கு மேலே தொடங்கும் என் வரி கோட்டுக்குக் கீழே போய்த்தான் முடியும். அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும்.

என் எழுத்தை நல்ல எழுத்து என்று சொன்னவர் உலகத்தில் ஒரேயொருவர்தான். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதமாட்டேன். காரணம் போகப் போக விளங்கும்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது எண்பத்துநாலில். எண்பத்தாறில் ஸ்காபரோவில் ஒரு சின்னக் கொலிஜில் துப்புரவு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் என்னை விளையாட்டு மண்டபத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆண்கள் கூடைப்பந்து மாட்ச் நடக்கும். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டம் இல்லை. ஒஷாவா, பிறம்ரன் என்று அங்கங்கே இருக்கும் சின்னக் கொலிஜ்கள் தங்களுக்குள் ஆடுகிற லீக். பார்க்க முப்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். இடைவேளையில் அகலத் துடைப்பத்தால் மரத்தரையைத் தள்ளித் துடைப்பதும், முடிந்ததும் ஆசனங்களுக்குக் கீழே கிடப்பதைப் பொறுக்குவதும் என் வேலை.

நவம்பர் மாதம், அந்த வருடத்தின் முதல் மாட்ச். முடிந்ததும் நான் பையோடு போனால் எனக்கு முன்னால் ஒரு மனிதர் ஆசனம் ஆசனமாகக் குனிந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய சாம்பல் நிறக் கோட்டு. விளையாடுகிறவர்களின் இலக்கமும் பெயரும் அச்சடித்து வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். சனங்கள் அதை ஆசனத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவர் அந்தத் தாள்களை ஒன்றும் மிச்சம் விடாமல் எடுத்தார். என் வேலைக்கு வேட்டு வைக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு எப்போதும் வராது. தமிழ் தெரியாதவர் என்ற தைரியத்தில் வாய்க்குள் முணுமுணுத்தேன்.

“இந்தக் கிழவனுக்கு வேற வேலையில்லப் போல.”

அவர் நிமிரவேயில்லை. “இல்லத்தான் தம்பி. வேலை தேடிக்கொண்டுதான் இருக்கன்” என்றார்.

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் சிரித்தார். “மட்டக்களப்பு ஆள்தானே? பேச்சில தெரியுது. வெக்கப்படாதீங்க. நானும் அங்கதான்.”

அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம். அடுத்த சனிக்கிழமை அவரைக் கவனித்தேன். வாசலில் தாளை வாங்கியதும் நேராக மேல் வரிசையின் மூலை ஆசனத்துக்குப் போய் உட்கார்ந்தார். தாளை நீளவாக்கில் மடித்தார். மடிப்பை நகத்தால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார். பிறகு கிழித்தார். இடப்பக்கம் இலக்கங்கள், வலப்பக்கம் பெயர்கள். இலக்கத் துண்டை முழங்காலில் வைத்துக்கொண்டார். பெயர்த் துண்டை அரிசி மணி அளவுக்குப் பொடியாக்கிக் கோட்டுப் பையில் போட்டார். மாட்ச் முடிந்ததும் மற்ற ஆசனங்களில் கிடந்த தாள்களுக்கும் அதே கதிதான். குப்பையில் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை.

ஒரு நாள் “அண்ணன், ஆர் வெண்டது?” என்று கேட்டேன். நான் துடைப்பம் வைக்கும் அறைக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்டம் முடிந்திருந்தது.

“அது பலகையில கிடக்கும். பாருங்க” என்றார்.

மாட்ச் முழுவதும் பார்த்த மனிதருக்கு வென்றது யாரென்று தெரியாது. அவர் பார்த்தது வேறு. வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து ஓடி வரும்போது நாலாம் இலக்கம், ஐந்தாம் இலக்கம் என்று ஒவ்வொன்றாகத் துண்டில் அடையாளம் இடுவார். அந்த லீக்கில் இலக்கம் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். பன்னிரண்டு பேர்.

“ஊரிலயும் இப்பிடித்தான் தம்பி. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஆருக்கும் குடுக்கிறல்ல. அது றெஃபறியிட விரலுக்கு. பொயின்ற்ஸ் காட்டுறத்துக்கு.” அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்ச நேரம் இளமையாக இருந்தது. எங்கள் ஊரில் பாதிரிமார் கொண்டுவந்த விளையாட்டு அது. வாவிக்கரைப் பக்கம் வளர்ந்த பொடியன்களுக்குக் கிரிக்கெட்டைவிட அதுதான் பெரிது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நெல்லு மூட்டை தூக்கப் போன எனக்கு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அளவுக்குத்தான் தெரியும்.

மாட்ச் முடிந்தால் அவர் வெளியே போய், வெளியிடத்திலிருந்து ஆட வந்த அணியின் பஸ்ஸடியில் நிற்பார். பனி கொட்டினாலும் நிற்பார். பொடியன்கள் ஈரத்தலையோடு பைகளைத் தூக்கிக்கொண்டு ஏற ஏற அவர் உதடு அசையும். பன்னிரண்டாவது ஆள் ஏறிக் கதவு மூடியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் பஸ் தரிப்புக்கு நடப்பார். பஸ் சாரதி ஒருவன் அவரை லீக்கின் அதிகாரி என்று நினைத்துக் கையைத் தூக்கி வணக்கம் வைப்பான். இவரும் தலையாட்டுவார். எங்கள் மண்டபத்தோடு நிற்கவில்லை. ஒரு பஸ், இன்னொரு பஸ் என்று மாறி ஒஷாவாவுக்கும் பிறம்ரனுக்கும் போய் அங்கேயும் எண்ணிவிட்டு வருவார். அதுவும் டிசம்பர் நத்தார் விடுமுறை வரைக்கும்தான். ஜனவரியில் லீக் மறுபடி தொடங்கும்போது அவர் வரமாட்டார். அடுத்த நவம்பரில்தான் காணலாம்.

“ஏன் அண்ணன், கடைசி மாட்ச்சுகள்தானே நல்லாயிருக்கும்?”

“தொடக்கத்திலதான் எல்லாரும் இருப்பானுகள்” என்றார்.

நாங்கள் அப்போது மல்வேர்னில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருந்தோம். அவர் பக்கத்து வீதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். என் மனைவிக்கு அவரைப் பிடிக்கும். ஒரு தடவை அவர் போன பிறகு கேட்டாள்:

“அந்த அண்ணன்ட பேர் என்ன?”

“தெரியா.”

“தெரியாவா? ஒரு வருசமா ஒண்டாத் திரியுறீங்க. பேர் கேக்கல்லையா?”

“அவரும் என்ட பேரக் கேக்கல்ல.”

“நல்ல சோடி” என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

அவள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவர் எவருடைய பெயரையும் கேட்டதில்லை. ‘தம்பி’, ‘தங்கச்சி’, ‘பதினொண்டு’, ‘ஏழு’, ‘சாரதி’. இவ்வளவும்தான் அவர் வாயில் வரும்.

எண்பத்தேழு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மேசையில் இருந்து மாட்ச்சின் புள்ளிகளை எழுதுகிற பெண் வரவில்லை. எங்கள் கொலிஜின் பயிற்சியாளர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லா மாட்ச்சுக்கும் வருகிற மனிதர், கையில் பேனை வைத்திருக்கிறவர், இவர் ஒருவர்தான். வந்து பணிவாகக் கேட்டார். இவரும் இறங்கிப் போய் மேசையில் உட்கார்ந்தார். நான் அருகில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நாலு, ஐந்து, ஆறு என்று இலக்கங்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின. பதினைந்து வரை எழுதினார். பக்கத்துப் பெட்டிகள் பெயருக்கானவை. அதில் பேனை நின்றுவிட்டது. மையின் ஒரு பொட்டு தாளில் ஊறிப் பெரிதாகிக்கொண்டு போனது. பயிற்சியாளர் விரலால் அந்தப் பெட்டிகளைக் காட்டினார். இவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். எழுந்து மேல் வரிசைக்கும் போகாமல் நேராகக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மண்டபக் கதவில் ஒரு அட்டை தொங்கும். துடைத்த நேரத்தை நான் அதில் எழுத வேண்டும். அடுத்த வாரம் நான் எழுதுவதை என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர், “உங்கட எழுத்து நல்ல எழுத்து தம்பி. ஒருத்தருக்கும் விளங்காது” என்றார்.

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து எனக்குக் காது சூடாகிவிட்டது. பகிடி இல்லை என்று ஜனவரியில்தான் தெரிந்தது. அதற்கும் நான்தான் காரணம். விடுமுறை முடிந்து வந்த முதல் மாட்ச்சுக்கு அவரை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன். மூலை ஆசனம், மடிப்பு, கிழிப்பு எல்லாம் முறைப்படி நடந்தது. ஆட வந்த அணியின் பொடியன்கள் ஓடி வந்தார்கள். அவர் அடையாளம் இட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனையை நிறுத்தினார்.

“பதினொண்டு எங்க?”

“பின்னால வருவான் அண்ணன்.”

“வரல்லையே. பதினொண்டு எங்க தம்பி?”

ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் படியிறங்கி வீரர்கள் உட்காரும் வாங்கிலுக்குப் பின்னால் போய் ஒவ்வொரு முதுகாகக் குனிந்து பார்த்தார். அந்த அணியின் பயிற்சியாளர் திரும்பி ஏதோ சொன்னார். பரீட்சையில் கோட்டைவிட்டதால் அந்தப் பொடியனைச் சேர்க்கவில்லை, அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றார். அதை நான் எனக்கு விளங்கிய அளவில் தமிழில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஐஸ்போல இருந்தன.

“வீட்ட போய்ச் சேந்தானாமா? கேளுங்க. ஆரும் கண்டதாமா?”

அவரைத் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வெளியே பந்து தரையில் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அப்போதுதான் சொன்னார்.

ஊரில் அவர் ஒரு கூடைப்பந்து லீக்கின் எழுத்து வேலைகளைப் பார்த்தவர். பட்டியல், கடிதம், முடிவுகள் எல்லாம் அவர் கைதான். ஒரு வருடம் லீக் தொடங்கி இரண்டு மாட்ச் முடிந்திருந்தது. மூன்றாவது மாட்ச் வேறு ஊரில். பொடியன்கள் பஸ்ஸில் போகப் பயந்தார்கள். வழியில் மறித்தால் காட்டுவதற்கு இராணுவ முகாமில் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கினால் நல்லது என்று இவருக்குத்தான் யோசனை வந்தது. முகாமில் பட்டியல் கேட்டார்கள். இவர் பன்னிரண்டு பேருடைய பெயரையும், தகப்பன் பெயரையும், வீதியையும், வீட்டு இலக்கத்தையும் எழுதினார். நல்ல தாளில், கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு வைத்து. வாங்கியவன் எழுத்தைப் பார்த்துப் பாராட்டினானாம்.

“அனுமதி தந்தானுகள். மாட்ச்சும் விளையாடிட்டு வந்தம். மத்தக் கிழம விடியக்குள்ள வந்து ஏழு பேரக் கொண்டு போயிட்டானுகள். ஒம்பதில இருந்து பதினைஞ்சு வரைக்கும் இருந்த பொடியனுகள். மிச்சப் பேர் வீட்டில இல்லாததால தப்பினானுகள்.”

தேநீரை அவர் குடிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வீடு மாறிப் போகல்ல தம்பி. ஆரிட்டயும் வழி கேக்கவும் இல்ல. என்ட எழுத்து அப்பிடி.”

அன்றைக்கு மாட்ச் முடிந்ததும் பஸ்ஸடியில் அவருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றேன். அவருடைய முணுமுணுப்பை அப்போதுதான் சரியாகக் கேட்டேன். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. அதற்குப் பிறகு இலக்கம் இல்லை. ஏழு பெயர்கள். முழுப் பெயர்கள், தகப்பன் பெயரோடு. அன்றைக்குப் பதினொன்று ஏறாததால் ஒரு பெயர் ஆளில்லாமல் மிஞ்சியது. பஸ் போன பிறகும் அவர் அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

எண்பத்தெட்டு நவம்பரில் லீக் தொடங்கியபோது அவருடைய அகதி வழக்குக்கும் விசாரணைத் தவணை வந்திருந்தது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன் இருந்தான்.

“அந்த ஏழு பேற்ரை பேரும் வேணுமாம் அண்ணை” என்றான் அவன். “காணாமல் போன ஆக்களின்ரை விபரம் சேர்த்து வைச்சிருக்கிற இடத்தில கேட்டு ஒத்துப் பாப்பினமாம். பேர் சரியெண்டால் கதையும் சரி. பேர் இல்லாட்டி நம்பமாட்டினமாம்.”

“நம்பாட்டி?”

“திருப்பி அனுப்புவினம்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “பேர் சொல்லேலா எண்டு சொல்லுங்க.”

“அண்ணை, இது கனடா. இங்கை ஆர் வந்து பாக்கப்போறான்?”

“அந்த வீடுகளில இன்னும் சனம் இருக்கு தம்பி. ரெண்டு வீட்டில இளைய பொடியனுகளும் இருக்கானுகள். தாள் எங்க போகும் எண்டு எழுதினவனுக்குத் தெரியா.”

பொடியன் மொழிபெயர்த்தான். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் அவருடைய கோப்பின் மேல் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய பெயரை அப்படித்தான் அறிந்தேன்.

திரும்பிப் போனால் அவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை எழுதியவர் யாரென்று ஊரில் இராணுவம், இயக்கம் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஜனவரியிலும் இந்த நவம்பரிலும் பஸ்ஸடியில் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஆருக்குக் கடிதம்?”

“கடிதம் இல்ல.”

“பேராக் கிடக்கு?”

“நீ உன்ட வேலையப் பாரு.” அவளிடம் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அவள் மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தனியாகப் போய்த் தாளைக் கொடுத்தேன். பொடியன் அதை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான்.

“அண்ணை, உதென்ன எழுத்து? கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. நீங்கள் வாசியுங்கோ, நான் எழுதிறன்.”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். என் எழுத்து ஒருவருக்கும் விளங்கவில்லை. தாளை வாங்கி மடித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் வாசித்தேன். ஏழு பெயர்களையும், தகப்பன்மாரின் பெயர்களையும். முகவரி எனக்குத் தெரியாது, ஆகவே பாதகமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொடியன் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கோடு பிசகாமல் எழுதினான்.

“அவருக்குத் தெரியுமோ?” என்று கேட்டான்.

“ஓம்” என்றேன்.

விசாரணை டிசம்பரில் நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. பிறகு அந்தப் பொடியன் தொலைபேசியில் சொன்னான். பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாராம். இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை. “ஒவ்வொரு பேருக்கும் கதவைத் திரும்பிப் பாத்தார் அண்ணை. ஆரோ உள்ளுக்கை வருகினம் எண்டு நானும் திரும்பிப் பாத்தன்.”

அந்த நத்தாருக்கு முன்பிருந்த மாட்ச்சுகளுக்கு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, மாட்ச்சுக்கு இன்னும் நேரம் இருந்தது, நான் தரையைத் துடைத்து ஈரம் காய விட்டிருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றார். சப்பாத்தில் பனி.

“நிக்கலாம் எண்டு சொல்லிட்டானுகள்” என்றார்.

“நல்லம் அண்ணன்.”

“ஆர் எழுதினது?”

நான் துடைப்பத்தின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் எங்கள் இருவருடைய நிழலும் தெரிந்தது.

“ஒரு பேரும் பிழைக்கல்ல” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இதை இத்தனை நாள் சுமந்திருக்கமாட்டேன். “நீங்களும் விளங்க எழுதிட்டீங்க தம்பி.”

பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரத்தரையை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி மற்றக் கதவால் போனார். அதன் பிறகு அவரை நான் காணவில்லை. நிலக்கீழ் அறையை விட்டுவிட்டார். வீட்டுக்காரனுக்கும் தெரியவில்லை. ஒஷாவாவுக்கும் பிறம்ரனுக்கும் விசாரித்துப் போனேன். மேல் வரிசையின் மூலை ஆசனம் எல்லா மண்டபத்திலும் காலியாகத்தான் இருந்தது.

நான் அவரைக் காப்பாற்றினேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஊரிலிருந்து யாராவது வந்தால் அந்த ஏழு வீடுகளையும் விசாரிக்க நினைப்பேன். விசாரிக்க வேண்டுமென்றால் பெயர் சொல்ல வேண்டும். அதனால் கேட்பதில்லை. அந்த வீடுகளில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் எனக்குத் தெரியாது. நடந்தது என்றும் தெரியாது.

இன்றைக்கு இந்த வருடத்தின் முதல் மாட்ச். வாசலில் கொடுத்த தாள்களில் ஆசனங்களில் கிடந்த எல்லாவற்றையும் எடுத்தேன். பெயர்ப் பக்கத்தைக் கிழித்துப் பொடியாக்கினேன். வெளியே போய் பஸ்ஸடியில் நின்றேன். சாரதி கையைத் தூக்கினான். ஒவ்வொருவராக ஏறினார்கள். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. அதன் பிறகு ஏழு பெயர்கள். பன்னிரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். கதவு மூடியது. என் வாயில் இன்னும் ஒரு பெயர் மிச்சம் இருந்தது, கோப்பின் மேல் எழுத்துக்கூட்டி வாசித்த பெயர்.

1989 நவம்பர் 18, சனிக்கிழமை.